சொன்னவனுக்கு என்ன போச்சு?

உத்தமபாளையத்தில் கருப்பணசாமி கோயிலை ஒட்டிய பாறையில் சமணத் தீர்த்தங்கரர்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுக்கு மேலாகிவிட்டது. சிலர் நிற்கிறார்கள், சிலர் அமர்ந்திருக்கிறார்கள். தலைக்கு மேல் பாம்பு படம் விரிக்கப் பார்சுவநாதர் இருக்கிறார். அருகே வட்டெழுத்து. அதில் வரும் அச்சணந்தி என்ற பெயர் ஆனைமலை, அழகர்மலை, ஐவர்மலை என்று வேறு பல குன்றுகளிலும் உண்டு. பாறையிலிருந்து ஊருக்குள் வந்தால், தென்காளஹஸ்தி என்று நாங்கள் கொண்டாடும் காளாத்தீஸ்வரர் கோயில், ஞானாம்பிகை சன்னதி. இரண்டுக்கும் இடையே அதிகத் தூரமில்லை. ஆனால் மனிதனுக்கு வழி காட்டுவது யார், எப்படி என்று கேட்டால் இரண்டும் சொல்லும் பதில் வேறு வேறு.

தீர்த்தங்கரர் பிறவியைக் கடந்து கரையேறியவர். கடந்த வழியைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்தப் பாறைக்கு முன் நின்று நான் எவ்வளவு அழுதாலும் அவர் திரும்பிப் பார்க்கமாட்டார். அது கல்நெஞ்சம் அல்ல. விருப்பும் வெறுப்பும் அற்றுப்போனவர் ஒருவருக்கு மட்டும் தனியாக எப்படி அருள்வார் என்று சமணம் கேட்கிறது. நடக்க வேண்டியவன் நான். காளாத்தீஸ்வரர் அப்படியில்லை. என் பெயரும் நட்சத்திரமும் சொல்லித்தான் அர்ச்சனை நடக்கிறது. இவர் என்னை அறிவார், எனக்காக இறங்குவார் என்று நம்பித்தான் அந்த வாசலில் நிற்கிறேன்.

தருமசேனர் என்ற சமணத் துறவியாக இருந்த நாவுக்கரசர் சூலை நோய் தாங்காமல் திருவதிகைக்குத் திரும்பியது இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொண்ட கதைதான். வலிக்கும்போது நமக்குத் திரும்பிப் பார்க்கிறவர் வேண்டும். அதற்காகப் பாறையில் இருப்பவர்கள் பொய் சொன்னார்கள் என்று என்னால் நினைக்க முடியவில்லை. தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்று, கார்த்திகை பிறந்தால் மாலை போட்டு, கன்னிசாமிகளைச் சபரிமலைக்கு அழைத்துப்போகும் குருசாமி நான். வேனில் எனக்கு எப்போதும் முன்சீட்டு. இந்தப் பழைய கேள்வி எனக்கு மறுபடி புதிதானது அந்த முன்சீட்டில், டேஷ்போர்டைப் பார்த்துக்கொண்டு போனபோதுதான்.

எங்கள் குழுவுக்கு நெடுநாளாக வண்டி ஓட்டுகிறவர் ஒரு ராவுத்தர். சொந்த வேன். செல்போன் வழி சொல்லாத காலத்தில் கண்ணாடியில் ஒட்டுகிற ஜிபிஎஸ் பெட்டி ஒன்றை மதுரையில் வாங்கி வந்து மாட்டினார். உள்ளங்கை அகலத்துக்குத் திரை. சாலைகளெல்லாம் உள்ளே ஒரு சின்ன அட்டையில். சிம் கிடையாது, ரீசார்ஜ் கிடையாது. வானம் தெரிந்தால் போதும். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் ஒவ்வொன்றும் தன் நேரத்தையும் தான் இருக்கும் இடத்தையும் மட்டும் ஓயாமல் ஒலிபரப்பிக்கொண்டிருக்கின்றன. குறைந்தது நான்கு கோள்களின் குரல் கிடைத்துவிட்டால், அவை வந்து சேர எடுத்த நேரத்தை வைத்துப் பெட்டி தன் இடத்தைத் தானே கணக்கிட்டுக்கொள்ளும். பெட்டியிலிருந்து மேலே எதுவும் போவதில்லை. கேட்கிறவன் யார், எங்கே போகிறான், இருக்கிறானா செத்தானா, எதுவும் அந்தக் கோள்களுக்குத் தெரியாது.

இதை ராவுத்தர் விளக்கிச் சொன்னபோது எனக்குப் பார்சுவநாதர்தான் நினைவுக்கு வந்தார். சொல்கிறார், யார் கேட்கிறார் என்று பார்ப்பதில்லை. எடுத்துக்கொள்வதும் நடப்பதும் கேட்பவன் பாடு. வானத்துக் குரல் என்பதால் அதை அப்படியே புனிதமாக்கிவிடவும் முடியாது. ஜிபிஎஸ் அமெரிக்க ராணுவத்தின் ஏற்பாடு. 2000 மே மாதம் வரை மற்றவர்களுக்குக் கிடைத்த சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை கலந்து வைத்திருந்தார்கள். கிளிண்டன் உத்தரவால்தான் அது நின்றது. நமக்கென்று ஒன்று வேண்டும் என்று இஸ்ரோ 2013இல் முதல் கோளை அனுப்பித் தொடங்கிய நாவிக் அமைப்புக்கு இப்படிப்பட்ட நியாயமும் உண்டு. ஆனால் எந்த நாட்டுக் கோளானாலும் அது என்னைப் பார்ப்பதில்லை என்பதில் மாற்றமில்லை.

பெட்டிக்கு உள்ள குறை, எழுதி முடித்த நூலுக்கு உள்ள குறை. சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என்று வரிசையாகப் புறவழிச்சாலை வந்த பிறகும் அது பழைய ஊர்ச்சாலையையே சொல்லிக்கொண்டிருந்தது. பைபாஸில் வேன் ஓடும்போது திரையில் நாங்கள் நெல்வயலுக்கு நடுவே போய்க்கொண்டிருப்போம். ராவுத்தர் அதைப் பொருட்படுத்தமாட்டார். பெட்டி சொல்வதை ஒரு காதில் வாங்கிக்கொண்டு கண்ணால் சாலையைப் பார்த்து ஓட்டுவார். பெட்டி அவரை அப்படி வைத்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அது தன்னை முழுதாக நம்பச் சொல்லவில்லை.

செல்போன் வந்து பெட்டியைக் கழற்ற வைத்தது. 2009 அக்டோபரில் கூகுள் தன் போன் வரைபடத்தில் திருப்பத்துக்குத் திருப்பம் வழி சொல்லும் வசதியை அமெரிக்காவில் இலவசமாகக் கொடுத்தது. பெட்டி விற்ற கார்மின், டாம்டாம் நிறுவனங்களின் பங்கு விலை அன்றே சரிந்தது. சில ஆண்டுகளில் அது நம் ஊருக்கும் வந்துவிட்டது. போனும் அதே கோள்களின் குரலைத்தான் கேட்கிறது. ஆனால் கேட்பதோடு நிற்பதில்லை. நாம் எங்கே இருக்கிறோம், என்ன வேகத்தில் போகிறோம், எங்கே நின்றுவிட்டோம் என்பதைத் திருப்பிச் சொல்கிறது. திரையில் தெரிகிற சிவப்புக் கோடு, நமக்கு முன்னால் மாட்டிக்கொண்டவர்களின் போன்கள் கொடுத்த வாக்குமூலம். 2020இல் பெர்லினில் சைமன் வெக்கர்ட் என்ற கலைஞர் 99 செல்போன்களைக் கைவண்டியில் போட்டு ஆளில்லாத தெருவில் இழுத்துக்கொண்டு நடந்தார். வரைபடத்தில் அந்தத் தெரு நெரிசல் என்று சிவந்துவிட்டது. போனை மனிதன் என்று எண்ணிக்கொள்கிற பார்வை அது.

பெட்டிக்கு ஒருமுறை காசு கொடுத்தோம், கணக்கு முடிந்தது. போனில் வழி சொல்வதற்குக் காசில்லை. தட்சிணை கேட்காத குருவிடம் நாம் எதைக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று கேட்டுப் பார்ப்பது நல்லது. நாம் போகிற கோயில், ஆஸ்பத்திரி, சாராயக்கடை, கடன் கேட்கப் போகிற வீடு எல்லாம் அதற்குத் தெரிகிறது. சித்திரகுப்தன் கணக்கு எழுதுகிறான் என்று கேட்டு வளர்ந்தவன் நான். அவன் எழுதுவது ஒரு நீதிக்காக. இந்தக் கணக்கு விளம்பரத்துக்காக.

ஆனாலும் பார்க்கப்படுவதே தீமை என்று என்னால் சொல்ல முடியாது. என் மகள் மதுரையில் வேலை பார்க்கிறாள். வார இறுதியில் ஸ்கூட்டரில் வருவாள். உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டிக் கணவாய் ஏறும்போது இருட்டிவிடும். கிளம்பும்போது லொகேஷனை எனக்கு அனுப்பிவிடுவாள். நான் திண்ணையில் உட்கார்ந்து அந்தப் புள்ளி நகர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கணவாயில் அது சற்று நின்றால் எனக்கு மூச்சு நின்றுவிடும். அவளோ, "அப்பா பாத்துக்கிட்டிருக்கீங்கன்னா பயம் தெரியலப்பா" என்கிறாள். அந்தப் பெட்டியால் இதைக் கொடுத்திருக்க முடியாது. ஒரு தெய்வத்திடம் ஏங்கி நாம் கேட்பது இதைத்தானே, நம்மேல் கண் வைத்திரு என்று?

திண்ணையில் இருந்து பார்த்துப் பார்த்து எனக்கு ஒன்று புரிந்தது. நான் பார்க்கிறேன், அன்போடு பார்க்கிறேன், ஆனால் அவள் வண்டி பஞ்சரானால் என்னால் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை. புள்ளியை எனக்குக் கொண்டுவந்து கொடுக்கும் செயலிக்கு வல்லமை இருக்கிறது. வழியை மாற்றிச் சொல்லும், நெரிசலைத் தவிர்க்கும். அவள்மேல் அன்பு மட்டும் இல்லை. அறிவும் அன்பும் வல்லமையும் ஒருவரிடமே இருக்கிறது என்று சொல்லத்தான் நம் முன்னோர் இறைவன் என்றார்கள். அவற்றைப் பிரித்துத் தனித்தனியே பார்த்தபோதுதான் மூன்றும் சேர்ந்திருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு உறைத்தது.

வைணவத்தில் சரணாகதி பற்றி ஒரு பெரிய வாதம் உண்டு. குரங்குக்குட்டி தாயைத் தானே இறுகப் பற்றிக்கொள்கிறது. பூனைக்குட்டியைத் தாய் கவ்விக்கொண்டு போகிறது. உயிரும் தன் பங்குக்குப் பற்ற வேண்டும் என்பது வேதாந்த தேசிகரை ஆசாரியராகக் கொண்ட வடகலையார் பக்கம். உயிர் தன் முயற்சியை விட்டுக் கிடந்தால் போதும், அவன் எடுத்துக்கொள்வான் என்பது பிள்ளை லோகாச்சாரியார் வழிவந்த தென்கலையார் பக்கம். பெட்டி வைத்து ஓட்டியபோது ராவுத்தர் குரங்குக்குட்டி. அவருடைய தம்பி மகன் இப்போது அதே வேனை எடுக்கிறான், நல்ல பையன்; போன் சொன்னால் திருப்புவான், சொல்லாவிட்டால் திருப்பமாட்டான். கம்பத்திலிருந்து சுருளிக்குப் போகக்கூட போனைக் கேட்கிறான். அவன் பூனைக்குட்டி.

தென்கலையாரின் நம்பிக்கையை நான் மிகவும் மதிக்கிறேன். தன்னை முழுதாக விட்டுவிடுவது சாதாரணத் துணிவில்லை. ஆனால் அந்தத் தத்துவம் நிற்பதற்கு ஒரே காரணம், கவ்வியிருப்பது தாய் என்பது. பூனை அதே வாயால்தான் எலியையும் கவ்வுகிறது. கவ்வுகிற வாய் யாருடையது என்று கேட்காமல் கிடந்தால் அதற்குச் சரணாகதி என்று பெயரில்லை.

2023 அக்டோபர் 1 அதிகாலையில், நல்ல மழையில், எர்ணாகுளம் மாவட்டம் கோத்துருத்தில் ஒரு கார் நேராக ஆற்றுக்குள் இறங்கியது. இளம் மருத்துவர்கள் இருவர் இறந்தார்கள். போன் காட்டிய வழியில் போனதாகச் செய்திகள் வந்தன. அது பெரியாறு. தேக்கடி மலைக்குள் சுரங்கம் வெட்டி, 1895இலிருந்து எங்கள் பள்ளத்தாக்கு வயல்களுக்குத் திருப்பிவிடப்பட்டிருக்கிறதே, அதே ஆறு. உத்தமபாளையத்தில் அது எங்களுக்குச் சோறு. 2024 நவம்பரில் உத்தரப்பிரதேசத்தில் பரேலி அருகே ராம்கங்கா ஆற்றின் மேல் பாதியோடு நின்றிருந்த பாலத்திலிருந்து கார் விழுந்து மூன்று பேர் போனார்கள். தடுப்பு வைக்காத பொறியாளர்கள் மீது வழக்கு, வரைபட நிறுவனத்திடம் விசாரணை. இறந்தவர்களை யாரும் ஏளனம் செய்யக் கூடாது; இருட்டில், மழையில், தெரியாத ஊரில் ஒரு குரலை நம்பியவர்கள் அவர்கள். நாமும் நம்பியிருப்போம். என் மனம் போவது அந்தக் குரலிடம். கார் தண்ணீரில் இறங்கிய பிறகு அதற்கு என்ன ஆனது? ஒன்றும் ஆகவில்லை. அதே நொடியில் வேறெங்கோ லட்சம் பேருக்கு அதே நிதானத்தோடு இடப்பக்கம் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்திருக்கும். எங்கள் ஊரில் இப்படிப்பட்ட ஆளைப் பற்றிச் சொல்வார்கள்: சொன்னவனுக்கு என்ன போச்சு?

வழிகாட்டி என்ற தகுதி அறிவால் மட்டும் வருவதில்லை என்று நான் நினைப்பது இதனால்தான். வழி தவறினால் சொன்னவனுக்கும் ஏதாவது போக வேண்டும். தமிழில் வழி சொல்வதற்கென்றே ஒரு இலக்கிய வகை இருக்கிறது. பத்துப்பாட்டில் பாதி ஆற்றுப்படை. பரிசில் பெற்று வருகிற ஒருவன், வறுமையோடு எதிரே வருகிறவனைக் கண்டு, தான் போய்வந்த வள்ளலிடம் போகச் சொல்கிறான். மலைபடுகடாத்தை வகுப்பில் நடத்தும்போது பிள்ளைகள் கண் விரியக் கேட்பார்கள். பன்றிக்கு வைத்த பொறி, யானையை விரட்ட எறிகிற கவண்கல், பாசி வழுக்குகிற பாறை, பாம்பு இருக்கும் இடம் என்று ஆபத்துகளையெல்லாம் சொல்லிக்கொண்டே போகும். மலைப்பாதையில் கால் வைத்தவன்தான் அப்படிச் சொல்ல முடியும். பாட்டுடைத் தலைவன் நன்னனைப் புகழ்வதற்கு இவ்வளவு பாசியும் பாம்பும் தேவையில்லை. எதிரே வந்தவனின் கால் மேல் உள்ள கவலையால் அவை வருகின்றன.

வேலூர் பக்கத்தில் விரிஞ்சிபுரத்தில் மார்க்கபந்தீஸ்வரர் இருக்கிறார், வழித்துணை நாதர். மிளகு மூட்டைகளோடு காஞ்சிபுரம் போன வணிகர் ஒருவர் வழியில் திருடருக்குப் பயந்து வேண்டிக்கொள்ள, இறைவன் ஒரு வீரனாகக் கூடவே வந்தார் என்பது தலத்தின் கதை. அப்பய்ய தீட்சிதர் இந்த இறைவன் மேல் பாடிய துதியைப் பயணம் கிளம்பும்போது இன்றும் சொல்கிறார்கள். திருடர் இல்லாத வேறு வழியை அந்த வணிகருக்கு அவர் காட்டியிருக்கலாம். எல்லாம் அறிந்தவருக்கு அது கடினமா? அவர் அதே வழியில், அதே இருட்டில், உடன் நடந்தார். சபரிமலைக் குருசாமியும் அதற்குத்தான். கன்னிசாமி இருக்கும் விரதம் குருசாமிக்கும் உண்டு. அதே வெறுங்கால், அதே ஏற்றம், தலையில் அதே இருமுடி. பாதை தெரியும் என்பதற்காக யாரும் வீட்டிலிருந்தே குருசாமியாக முடியாது.

சீசன் உச்சத்தில் கம்பம் வந்து பார்த்தால் இது வாதமாக இல்லாமல் சாலையிலேயே நடக்கும். கூட்டம் கூடினால் சபரிமலைக்குப் போகிற வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாக ஏற்றி, கட்டப்பனை, குட்டிக்கானம் என்று விடுவார்கள். திரும்பி வருகிறவர்கள் குமுளி, லோயர்கேம்ப் வழியாக இறங்க வேண்டும். குறுகலான கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்தும் வேனும் எதிரெதிரே மாட்டாமல் இருக்கச் செய்த நல்ல ஏற்பாடு. வெளியூர் வண்டிகளில் போன் நேரே குமுளிக்குப் போ என்கிறது, போலீஸ்காரர் கையைக் காட்டி மெட்டுக்குத் திருப்பச் சொல்கிறார். டிரைவர் போனைக் காட்டி வாதாடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்தக் காவலர் புகையிலும் தூசியிலும் விடிய விடிய நிற்கிறார். மேலே இரைச்சல் பாலத்தருகே இரண்டு வண்டி முட்டிக்கொண்டால் வயர்லெஸ்ஸில் திட்டு அவருக்குத்தான். அவருக்குப் போகிற ஒன்று இருக்கிறது. அதனால் எனக்கு அவர் கை பெரிது.

ராவுத்தர் இதை அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்ளமாட்டார். ஒருநாள் கேட்டார், "ஏன் வாத்தியாரே, உங்களுக்கும் தெரியல, எனக்கும் தெரியலன்னா என்ன செய்வோம்? கண்ணாடிய இறக்கி ரோட்டுல நிக்கிறவன்கிட்டக் கேப்போம். அவன் தப்பாச் சொன்னா அவனுக்கு மட்டும் என்ன போச்சு?" நியாயமான கேள்வி. டீக்கடையில் நிற்கிறவன் உடன் வரப்போவதில்லைதான். ஆனால் அவன் வேனை ஒருமுறை பார்க்கிறான். உள்ளே இருக்கிற வயதானவரைப் பார்க்கிறான். "இந்த வண்டி அதுல ஏறாதுங்க, சுத்திப் போங்க" என்கிறான். ஒரு நொடியாவது எங்கள் பயணத்துக்குள் வந்து நின்றுவிட்டுத்தான் பேசுகிறான் என்று சொன்னேன்.

அவர் சற்று யோசித்தார். பிறகு சொன்னது எனக்கு மறக்காது. ஐந்து வேளைக் கடமையான தொழுகையில் பதினேழு ரக்அத், அதாவது பதினேழு சுற்று. ஒவ்வொன்றிலும் குர்ஆனின் ஃபாத்திஹா அத்தியாயத்தை ஓதி நேர்வழியில் நடத்தும்படி கேட்கிறார்கள். "காலையில கேட்டது மத்தியானத்துக்குப் பத்தாது வாத்தியாரே. தெரிஞ்ச வழியில போகும்போதும் கேக்கணும். எங்க வாப்பா அப்படித்தான் சொல்லுவாரு. போனு வந்ததுல இருந்து பயலுக ஒருவாட்டி அமுக்கிட்டு மறந்துர்றானுக." அவருடைய மார்க்கத்துக்கும் என்னுடையதற்கும் இடையே ஆயிரம் வேறுபாடு இருக்கட்டும். வழி என்பதை ஒருமுறை வாங்கி வைத்துக்கொள்ள முடியாது, நடக்க நடக்கக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு தெளிவாக வேறு யாரும் சொன்னதில்லை. பாறையில் இருக்கும் அச்சணந்திகூட இதை மறுத்திருக்கமாட்டார்.

போனை எடுத்தெறிய வேண்டும் என்று நாங்கள் இருவருமே சொல்லவில்லை. மழை நாளில் குட்டிக்கானம் இறக்கத்தில் முன்னால் வண்டிகள் நிற்கின்றன என்று அது சொல்வது உபகாரம்தான். வரும் கார்த்திகைக்குத் தம்பி மகன்தான் வண்டி எடுக்கிறான், ராவுத்தருக்கு முட்டிவலி. அவனிடம் பேசி ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். வரைபடத்தை ஊரிலேயே இறக்கி வைத்துக்கொள்வது, மலையில் சிக்னல் இருந்தாலும் போனாலும் கவலையில்லை. போனை டேஷ்போர்டில் மாட்டாமல் முன்சீட்டில் இருக்கும் என்னிடம் கொடுத்துவிடுவது. அது என்ன சொன்னாலும் நான் முதலில் கண்ணாடி வழியே சாலையைப் பார்ப்பேன், பிறகு அவனுக்குச் சொல்வேன். "நீங்க தப்பாச் சொல்லிட்டா என்ன பெரியப்பா?" என்று கேட்டான். நானும் அந்த வேனில்தானே இருக்கப்போகிறேன் என்றேன். சரி என்று ஒப்புக்கொண்டிருக்கிறான்.